ஆறு போர்வையும் ஒரு சூத்திரமும்

மனிதர்களில் சூத்திரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சாதுவான இனம், கடிக்காது. ஆனால் விளக்கும். எந்தப் பெண் எவனை ஏன் விரும்புகிறாள் என்பதற்கு இதன் கையில் ஒரு சமன்பாடு இருக்கும். அந்தப் பெண்ணையே கேட்டுவிடலாமே என்றால், அவள் சொல்வது அவளுடைய சொந்தக் கருத்து, அறிவியல் ஆகாது என்று உங்கள் வாயை அடைத்துவிடும்.

நைரோபியில் எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் வாழும் கொழுத்த உதாரணம் டாக்டர் கரீத்தி. கினாங்கோப் புல்வெளியில் முழ நீள வாலை இழுத்துக்கொண்டு பறக்கிற கறுப்புக் குருவிகளில், பெட்டை எந்த ஆணைத் தேர்ந்தெடுக்கும் என்று வருடக்கணக்காகக் கணினியில் கணக்குப் போடுகிறவர். புல்வெளிக்கு ஒரே முறை போனார். சளி பிடித்துத் திரும்பினார். பெட்டைகள் அவர் கணக்கை மீறி மொட்டை வால்களின் பின்னால் போன ஆண்டில் என்ன செய்தார்? சமன்பாட்டைத் திருத்தினாரா? பெட்டைகளுக்கு அந்த ஆண்டு தீனி சரியில்லை என்று எழுதினார்.

இவரையும் ஒருத்தி விரும்பினாள். ந்யாக்கியோ, மண் ஆராய்ச்சிக்காரி, கெட்டிக்காரி. பெண் வீட்டு முற்றத்தில் நிச்சயம் நடந்தது. எங்கள் கிகூயு இன வழக்கப்படி ஆறு பெண்கள் தலை முதல் கால் வரை லேசோத் துணியால் மூடி வரிசையாக நிற்பார்கள். தன் பெண் யாரென்று மாப்பிள்ளை தொட்டுக் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் ஆடு. பெண்ணின் முகம் சுண்டிப்போனால் அதற்கு எந்த ஆடும் போதாது. அதனால் மற்ற மாப்பிள்ளைகள் நடையைப் பார்ப்பார்கள், கால்விரலைப் பார்ப்பார்கள், கொழுந்தியாளை முன்கூட்டியே கைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

நம்மவர் கணிதப் புத்தகத்தைப் பார்த்து முறை வகுத்துக்கொண்டு வந்தார். முதல் இரண்டு பேரை எப்படியிருந்தாலும் ஒதுக்கிவிடுவது. பிறகு அவர்களைவிடச் சிறந்தவளாக முதலில் தென்படுகிறவளைப் பிடித்துக்கொள்வது. முதல் இரண்டில் ந்யாக்கியோவே நின்றால் என்று கேட்டேன். மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று என் தோளைத் தட்டினார்.

அவள் இரண்டாவதாக நின்றாள். அவர் நெருங்கியதும் இருமினாள், காலால் தரையைத் தட்டினாள், கடைசியில் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவரைக் கிள்ளியே விட்டாள். அவர் மரியாதையாக விலகி நடந்து, நான்காவது உருவத்தின் தோளில் கை வைத்தார். துணி விலகியது. ந்யாக்கியோவின் எழுபது வயது அத்தை.

"வாங்க மாப்பிள்ளை, எனக்குச் சம்மதந்தான்."

முற்றமே குலுங்கிச் சிரித்தது. ந்யாக்கியோ சிரிக்கவில்லை. போர்வையை உருவி எறிந்தாள்.

"கிள்ளுனேனே, அதுகூடவா தெரியல?"

"தெரிஞ்சுது. ஆனா முறைப்படி நீ ரெண்டாவது ஆள்."

எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அவரைக் கையமர்த்திவிட்டு ந்யாக்கியோ மாப்பிள்ளையிடம் வந்தாள்.

"உன் குருவிங்கள்ல தேர்ந்தெடுக்கறது பெட்டைதானே? அப்புறம் நீ எதுக்குத் தேடிட்டு அலையுற? போய் வரிசையில நில்லு."

ஆறு போர்வைகளும் மாப்பிள்ளை தலையிலும் அவரோடு வந்திருந்த ஆண்கள் எங்கள் ஐந்து பேர் தலையிலும் விழுந்தன. முதல் இடம் கரீத்திக்கு, அடுத்தது எனக்கு. அவருடைய முறைப்படியே பார்த்தால் முதல் ஆள் தள்ளுபடி அல்லவா? பக்கத்துத் துணிக்குள் அவர் நடுங்கும் குரலில் பின்னங்களை முணுமுணுத்தது தெருமுனை வரை கேட்டிருக்கும். வாழ்நாளில் முதன்முறையாக அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. அவள் நேரே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

துணி விலகியபோது கரீத்தியின் கண்களில் நீர். நன்றி சொல்வார் என்று காத்திருந்தோம்.

"மத்தவங்கள நீ பாக்கவே இல்லியே?"

"பாக்கல. உன்னப் பிடிச்சிருக்கு."

கலியாணம் முடிந்துவிட்டது. அவள் ஏன் தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பதற்கு அவர் இதுவரை மூன்று காரணங்கள் கண்டுபிடித்திருக்கிறார். அவள் சொன்னது அவற்றில் இல்லை.

சிரிக்காதீர்கள். உங்களைப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது ஏன் என்று கேட்டீர்களா? கேட்டதோடு நிற்காமல், வந்த பதிலையும் திருத்திக் கொடுத்தீர்களா? அதற்குப் பிறகும் அவர் உங்களை விட்டுப் போகவில்லையா? அதற்கும் காரணம் தேடக் கிளம்பிவிடாதீர்கள்.