துரைக்கு ரத்தம் எடுத்த கதை

பரமக்குடிப் பக்கம் மிளகாய் போடும் வேல்ராஜ், ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு முடிவெடுத்தார். வரப்போகும் மச்சினன் மகள் கல்யாணப் போட்டோவிலாவது தன் மூஞ்சி தெரிய வேண்டும். போன கல்யாண ஆல்பத்தில் அவருடைய வேட்டியும் பல்லும்தான் விழுந்திருந்தன.

பெண்டாட்டி சேதுலட்சுமிக்குத் தெரியாமல் மருந்துக்கடையில் சிவப்பாக்கும் களிம்பு ஒன்று வாங்கி, இரண்டு மாதமாகப் பூசினார்.

மூஞ்சி அப்படியேதான் இருந்தது. மாறியது அவர் நாய் துரை. குடங்குடமாகத் தண்ணீர் குடித்தது. நடுவீட்டில் மோண்டது. முடி கொட்டி, வயிறு பானையாய்த் தொங்கியது. துடைத்துத் துடைத்துச் சேதுலட்சுமிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். ஓர் ஊசி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த வேல்ராஜுக்குத்தான் கண்ணை இருட்டியது.

மூன்றாம் நாள் சேதுலட்சுமிக்குப் போன் வந்தது. பேசிவிட்டு, அலுப்போடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னவாம்?"

"கிட்னிக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்காம்ல, அது தூங்குதாம்."

"நாம தூங்க முடியல. அதுக்கு மட்டும் தூக்கமாக்கும்!"

"அது செய்யுற வேலைய ஸ்டீராய்டுனு வெளி மருந்து ஒண்ணு செய்யுதாம். அந்த மருந்து கலந்த களிம்ப யாரோ பூச, இது நக்கியிருக்கு."

வேல்ராஜ் கூரையைப் பார்த்தார். "எவன்டா அது?"

"அதக் கண்டுபிடிக்க, வீட்டாளுகளுக்கும் அதே டெஸ்ட்டாம். ரத்தம், ஊசி, திரும்ப ரத்தம். நாளைக்கு வெள்ளன கெளம்புங்க."

"ஊசி எம்புட்டு நீளம்?"

"துரைக்குப் போட்டதவிடப் பெருசு. நீங்க பெரிய உருப்படில்ல."

வேல்ராஜ் எழுந்து போய், விதைமிளகாய்ச் சாக்குக்குப் பின்னாலிருந்து களிம்பை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

"நாந்தான் லட்சுமி. காலையில வந்து மூஞ்சிய நக்கும். பாசம்னு நெனச்சுட்டேன்."

"இத நிறுத்துனாப் போதும். மாத்திர குடுத்து, கொஞ்சங் கொஞ்சமா அதச் சரி பண்ணிருவாகளாம்."

"அப்ப நாளைக்கு எனக்கு ஊசி?"

சேதுலட்சுமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நாய் டாக்டர் எதுக்குங்க உங்களுக்கு ஊசி போடப் போறாக?"