தமிழ் தெரியாத ஆசிரியர் தேவை

மேசைக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட மனோஜ்குமார், "அம்மா" என்று அலற வேண்டிய இடத்தில் "ஹாய் ராம்" என்றான். எதிரே ஒன்பது மாணவர்கள். உயிர் போகிற வலியிலும் இந்தியில் அலறியதற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த இந்தியில் பாதி அதோடு தீர்ந்துபோனது.

சொந்த ஊர் பல்லடம். அப்பா, அம்மா, பாட்டன், பூட்டன் எல்லோருக்கும் பல்லடம்தான். ஆனால் கோயம்புத்தூரின் இந்த ஜெர்மன் பயிற்சி மையத்தில் மட்டும் அவன் டெல்லிக்காரன். எல்லாம் முதலாளி வெங்கடபதி கொடுத்த விளம்பரத்தால் வந்தது: 'தமிழ் அறவே தெரியாத ஆசிரியர் தேவை.' வாத்தியாருக்குத் தமிழ் தெரிந்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்களாம். ஜெர்மனை ஜெர்மனிலேயே புகட்ட வேண்டுமாம். தாய்ப்பால் குடித்த வாயைக் கழுவிவிட்டு வரச் சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

மனோஜ்குமாருக்கு ஜெர்மன் நன்றாக வரும். வேலைதான் வரவில்லை. நிச்சயம் முடிந்து நான்கு மாதமாகிறது. வேலை நிரந்தரமானால்தான் முகூர்த்தம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெயர் வேறு டெல்லிக்குத் தோதாக அமைந்திருந்தது. மீசையை மழித்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டான்.

அன்று முதலாளி அறைக்குள் நுழைந்ததுமே, தரை துடைத்துக்கொண்டிருந்த பாவாத்தாள் தலை நிமிராமல், "அந்தச் செவப்புச் சேருக்கு ஒரு காலு ஆட்டமுங்க. பக்கத்துச் சேருல உக்காருங்க" என்றாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சத்தியம் செய்தான். வெங்கடபதி எழுந்து கைகுலுக்கினார். மூன்று மாதம் பார்ப்பார்; மாணவர்கள் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் டெல்லிக்கே திரும்பிவிடலாம்.

மாணவர்கள் அத்தனை பேரும் ஜெர்மனிக்குப் போகத் துடிக்கும் நர்சுகள். 'ஆமாம்' என்பதற்கு ஜெர்மனில் 'யா' என்றால் போதும். மொட்டையாகச் சொன்னால் மரியாதையில்லை என்று ஒன்பது பேரும் ஒருமுகமாக 'யாங்க' என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை.

"பாவமுங்க, நல்லாத்தான் கத்துறாரு. என்ன கத்துறாருன்னுதான் தெரியல" என்று மயிலாத்தாள் அவன் முன்னாலேயே பக்கத்தில் இருந்த சஹீரிடம் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு அசடு மாதிரிச் சிரிக்க வேண்டியிருந்தது.

சரி, நடித்துக் காட்டுவோம் என்று இறங்கினான். 'நேற்றுப் போனேன்' என்பதை விளக்க, கதவு வரை பின்பக்கமாகவே நடந்துபோய்க் கையசைத்தான். வகுப்பு முடிந்தது என்று ஒன்பது பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாதிரித் தேர்வில் அத்தனை பேரும் தோற்றார்கள். வெங்கடபதி சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். மனோஜ்குமாருக்கு முகூர்த்தக்கால் கையைவிட்டு நழுவுவது போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினான். ஜெர்மன் இலக்கணம் முழுவதையும், ஆட்டுக்குட்டி, அவிநாசித் தேர், பவர்லூம் என்று உதாரணம் காட்டி, தமிழில் எழுதினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மையத்துக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் அதைக் கொடுத்து, ஜெர்மன் படிக்கிறவர்கள் வந்தால் தரும்படி சொல்லிவிட்டு ஓடினான்.

இரண்டே வாரத்தில் வகுப்பு பிய்த்து உதறியது. டெல்லிக்காரருக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுக்கவே வந்திருக்கிறது என்று மயிலாத்தாள் சான்றிதழ் வழங்கினாள்.

அதற்குள் சனியன் வேறு வழியில் வந்தது. கோட்டைமேட்டிலிருந்து சஹீரின் அத்தா மகனைப் பற்றி முதலாளியிடமும் ஆசிரியரிடமும் விசாரிக்க வந்திருந்தார். அவர் எதிரிலேயே சஹீரின் பையிலிருந்து அந்த நாற்பது பக்கமும் நழுவி விழுந்தது.

"என்ற மையத்துல தமிழா?" என்று வெங்கடபதி எகிறினார். எழுதியவனை இப்போதே வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று சஹீர் கண் கலங்க நின்றான். பையன் ஜெர்மனிக்குப் போவதே போய்விடுமோ என்று அத்தா வெலவெலத்துப்போனார்.

மனோஜ்குமாருக்குப் பொறுக்கவில்லை. இது சஹீர் கையெழுத்தே இல்லை, அவன் பாதி எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டான், இதில் எல்லாப் புள்ளியும் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் படபடத்துவிட்டான். சொன்ன பிறகுதான், டெல்லிக்காரனுக்குத் தமிழ்ப் புள்ளி எப்படித் தெரியும் என்று உறைத்தது. கல்யாணம், வேலை, மானம் எல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வெங்கடபதி வெகுநேரம் இருமினார். பிறகு, டெல்லிக்காரருக்குக் கண் கூர்மை என்று அத்தாவிடம் சொல்லி, விசாரணையை அங்கேயே முடித்து, நாற்பது பக்கத்தையும் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தெய்வமே கண்ணைத் திறந்தது என்று நினைத்தான் மனோஜ்குமார்.

பரீட்சையில் ஒன்பது பேரும் தேறினார்கள். மறுநாளே வாசலில் ஆளுயர பேனர்: 'தமிழே தெரியாத டெல்லி ஆசிரியர்! நூற்றுக்கு நூறு தேர்ச்சி!' நிரந்தர வேலைக்கான உத்தரவை வாங்கிக்கொண்டவன், முதலாளி வெளியே போனதும் அதே அறையில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, வேலை நெலச்சுப்போச்சு. பொண்ணு ஊட்டுக்குச் சொல்லிப்போடு. வாரேன்" என்றான்.

திரும்பினால், கையில் துடைப்பத்தோடு பாவாத்தாள் நிற்கிறாள்.

"ஏனுங்க அக்கா, எனக்குத் தமிழ் தெரியும்னு ஓனருகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று கும்பிட்டான்.

பாவாத்தாள் சிவப்பு நாற்காலியைத் தூக்கி, ஆடுகிற காலை அலுங்காமல் பழைய இடத்திலேயே பொருத்தி வைத்தாள்.

"அவருக்குத் தெரியாததா கண்ணு? நெசமாலுமே தமிழ் தெரியாதவங்க ரெண்டு பேரு உங்களுக்கு முன்னால வந்தாங்க, நான் சொல்லச் சொல்ல இந்தச் சேருலயே உக்காந்து உழுந்துபோட்டாங்க. இவங்ககிட்டப் படிச்சா ஒருத்தரும் பாஸாக மாட்டாங்கன்னு அப்பவே அனுப்பிப்போட்டாரு."