சில்லுக்கு மானியம்

ஒரு காட்டில் முயல் முதல் யானை வரை எல்லோரிடமும் கைபேசி இருந்தது. ஆனால் கைபேசிக்கு மூளையாக இருக்கும் சிப் மட்டும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள காட்டிலிருந்துதான் வரும். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து படகு நின்றது. சிப்பும் நின்றது. பழுதான கைபேசியில் தன் கர்ஜனையைப் பதிவு செய்து கேட்க முடியாமல் சிங்கராஜா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சபையைக் கூட்டி, இனி சிப்பை நம் காட்டிலேயே செய்ய வேண்டும் என்றார்.

செய்பவர்களுக்கு மானியம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள் என்றார் யானை அமைச்சர். வெளியிலிருந்து வருவதற்கு வரி போட்டால் வேறு வழியில்லாமல் செய்வார்கள் என்றார் நரி அமைச்சர். பொழுது சாயும்வரை சண்டை. யார் மனமும் நோகக் கூடாது என்று ராஜா இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். வரி அன்றைக்கே அமலுக்கு வந்தது. மானியத்துக்குப் படிவம் அச்சாகிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் சிப் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான், வளர்மதி என்ற சிலந்தி. அக்கரையில் படித்தவள். முடியைவிட மெல்லிய கோடு இழுக்கும் இயந்திரம் ஒன்றை அங்கிருந்து வரவழைத்திருந்தாள். வெள்ளம் வடிந்து வந்து சேர்ந்த அது படகுத்துறையைத் தாண்டவில்லை. அதற்குள் ஒரு அக்கரைச் சிப் இருந்ததால் முழு இயந்திரத்துக்கும் வரி. மானியம் வந்தால் கட்டிவிடலாம். பௌர்ணமிக்குள் கட்டாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போய்விடும்.

பதினெட்டுப் பக்கப் படிவத்தை ஒரு பொய்கூட இல்லாமல் நிரப்பி, அக்கரையில் படித்தபோது தான் செய்த மாதிரியையும் எடுத்துக்கொண்டு மானிய அதிகாரியான ஆமையிடம் போனாள்.

"என்னம்மா இது, தூசியா?"

"சிப் சார்."

"ஆணையில சிப்புன்னு எதுவும் இல்லையே. தூய தமிழ்ல சில்லுன்னு போட்டிருக்கு."

ஆமை அகராதியை விரித்துக் காட்டினார். சில்லு: உடைந்த ஓட்டுத்துண்டு; பாண்டி ஆடப் பயன்படுவது.

"கையில பிடிக்கிற மாதிரியாவது இருக்க வேண்டாமா? அங்க பாருங்க, அவங்க செய்யறதை."

வெளியே காட்டுப்பன்றிகள் பானைகளை வரிசையாக அடுக்கி உடைத்துக்கொண்டிருந்தன. மூன்றே நாளில் நாற்பது மூட்டைச் சில்லு. மானியம் ஜெயித்துவிட்டது என்று யானை அமைச்சர் அறிக்கை விட்டார். அக்கரையிலிருந்து ஒரு சில்லுகூட வரவில்லையே, ஜெயித்தது வரிதான் என்று நரி அமைச்சர் மறுப்பு விட்டார்.

வளர்மதி தினமும் போய் விளக்கினாள். சொல்லைத் திருத்த வேண்டுமானால் குழு அமைக்க வேண்டும், குழு அடுத்த மழைக்குத்தான் கூடும் என்றார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் ஆமை அவளை அருகில் கூப்பிட்டார்.

"உங்களைப் பாத்தா பாவமா இருக்கு. முழு இயந்திரத்துக்குத்தான் வரி. உடைஞ்சிருந்தா வரி கிடையாது. அது சில்லுக்கு மூலப்பொருள்."

"உடைச்சிட்டா அப்புறம் எதை வெச்சு சார் சில்லு செய்வேன்?"

"அதான் அப்பவே செஞ்சு முடிச்சிருப்பீங்களேம்மா."

வளர்மதி படகுத்துறையில் வெகுநேரம் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பன்றிகளிடம் ஒரு சுத்தியல் இரவல் கேட்டாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டு. பளபளப்பாகவும் கனமாகவும் இருந்ததால் முதல் தரச் சில்லு என்று முத்திரை விழுந்தது. மானியம் மறுநாளே வந்தது. ராஜா தானே மாலை போட்டு, எத்தனை பேருக்கு வேலை கொடுப்பீர்கள் என்று விசாரித்தார்.

உடைக்க இன்னும் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றாள் வளர்மதி.

நீதி: அரசு கேட்பதைச் செய்து சிரமப்படாதீர்கள். அகராதியில் அதற்கு எது மலிவான பொருளோ, அதைச் செய்து கொடுங்கள்.