கறுப்புத் திரைக்கு வந்த கோபம்

புரூப் பார்ப்பவர் "அவன்" என்று தட்டினார். பிழை என்றது கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை. "வந்தான்" என்றார். அதுவும் பிழை. சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகத்தில் ஒரு சொல்கூட அதற்குப் பிடிக்கவில்லை.

அந்த அச்சகத்தில் கட்டளை தட்டி இந்தப் பிழைதிருத்தியை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த ஆள் ஒருத்திதான். அவருடைய மனைவி. போன மாதம் ஓய்வு பெற்றாள். போன வாரம், "ஓய்வு வாங்கிட்டேல்ல, இன்னும் என் வேலையில எதுக்கு மூக்கை நுழைக்கிற?" என்று இவர் கேட்டுவிட, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இவரும் முறுக்கிக்கொண்டு போன் செய்யவில்லை.

இப்போது வேறு வழியில்லை.

"என்ன?" என்றாள்.

"உன் கறுப்புத் திரை மக்கர் பண்ணுது. வேறொண்ணுமில்ல."

"மொழி எதுன்னு ஒரு வரி இருக்கும். அதை அழிச்சிடுங்க."

அழித்தார். இப்போது எதுவுமே பிழையில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டிய குப்பையையும் திரை ஏற்றுக்கொண்டது.

"ஒரு சொல்லுல எத்தனை எழுத்துக்குக் குறைஞ்சா பார்க்காம விட்டுடணும்னு ஒரு எண் இருக்கும். ஒண்ணாக்குங்க."

எழுத்துக்கு எழுத்து நின்று கூவத் தொடங்கியது.

"அப்போ அமைப்புக் கோப்பையே தூக்கிடுங்க. தானா புதுசா வரும்."

வரவில்லை. திரை வாயே திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் அடிக்கடி இப்படித்தான் கெடும். பக்கத்து அறையிலிருந்து வருவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, வளையல் மேசையில் இடிக்க, நாலு வரி தட்டுவாள். சரியாகிவிடும். இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டதே என்று இவருக்குத்தான் வருத்தமாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அது கெட்டதே இல்லை. எல்லாம் அவள் வந்த ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீயே வந்துடேன்."

"எதுக்கு? மூக்கை நுழைக்கவா?"

"நுழை. நான் சொன்னது தப்புதான். வீடு வெறிச்சுன்னு கிடக்கு."

போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். அதே நாற்காலி, அதே நாலு வரி. திரை ஒழுங்காக ஒவ்வொரு பிழையாகக் காட்டியது. இவர் அதைப் பார்க்கவில்லை, வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகம் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கும் வாட்ச்மேன், அவளுடைய பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வைத்தார்.

"அந்தக் காலத்துல மாதிரியே, நேத்து சார் கிளம்பினதும் வந்து இந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிட்டுப் போனீங்களேம்மா, அப்பவே பெட்டியையும் கொண்டாந்திருக்கலாமே" என்றார்.