நாஸ் பெட்டிக்கும் சீல் வைத்தவர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலைத் தவிர எல்லாவற்றுக்கும் சீல் வைத்தவர் சீல் அண்ணாச்சி. கடலையும் விட்டிருக்க மாட்டார். மாட்டுவதற்குக் கொண்டி இல்லை.

நான் வேலை பார்த்த கிளியரிங் ஏஜென்சியில், சரக்கு ஏற்றிய கண்டெய்னர் கதவுக்கு நம்பர் போட்ட சீல் மாட்டுவது அவர் பொறுப்பு. பழக்கம் வீடு வரை போனது. சாப்பாட்டுத் தூக்குக்கும் பிளாஸ்டிக் சீல். மதியம் வீட்டுக்கு போன் போட்டு, "ஏளா, கடைசி நம்பர் ஏழுதான? சரி, கொழம்பு பத்திரமா வந்துட்டு" என்று சொன்ன பிறகுதான் உடைப்பார்.

அப்போதுதான் எல்லாருடைய ஃபைல்களையும் ஒரே இடத்தில் வைக்க ஆபீஸுக்கு நாஸ் வந்தது. பீரோவுக்குள் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று செத்தாலும் இன்னொன்றில் அதே நகல் இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு வயர் நெட்வொர்க் சுவிட்ச்சுக்குப் போகும். எங்கள் கம்ப்யூட்டர்களும் அதே சுவிட்ச்சில்தான். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒருவர் சேமித்தால் எல்லாரும் திறக்கலாம்.

அண்ணாச்சி நம்பவில்லை. தன் சீட்டில் ஓர் எழுத்தைத் தட்டி, சேவ் கொடுத்து, என் சீட்டுக்கு ஓடி வருவார். நான் ஃபைலைத் திறந்தால் எழுத்து முன்னாலேயே வந்து நிற்கும்.

"நான் வாரதுக்குள்ள எப்படில வந்துச்சு?"

"அதுக்கு மூட்டுவலி இல்ல அண்ணாச்சி."

ஒருநாள் முருங்கைப்பொடி கண்டெய்னர் ஒன்றுக்கான பேப்பர்களை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும், பின்னாலேயே என் வேலையும். எல்லாவற்றையும் நாஸில் சேமித்து, வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாஸில் ஒரு ஃபோல்டரும் இல்லை.

காலையில் பழைய ஃபைல்களை அழித்திருந்தேன். கை தவறி மொத்தத்தையும் அழித்துவிட்டேன் என்றே முடிவு கட்டினேன். நாஸில் அழித்தது நம் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்கும் வராது. வராது என்று தெரிந்தே ஏழெட்டு முறை திறந்து பார்த்தேன். இணைப்பு இல்லை என்று திரையிலேயே எழுதியிருந்ததாம். பதறுகிறவன் படிப்பானா? முதலாளிக்கு ராஜினாமா வாசகம்கூட மனதில் தயார்.

"அண்ணாச்சி, எல்லாம் போச்சு!"

"எங்கன போச்சு? உள்ளதான் கெடக்கு. வேல முடிஞ்சிட்டுன்னு நீதானல சொன்ன? முடிஞ்ச சரக்க தொறந்து போடலாமா? வயர உருவிட்டு பீரோவுக்கு சீல் போட்டுட்டேன்."

கத்தரிக்கோலோடு பாய்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பர பாத்துட்டு வெட்டுல!"

பார்த்தேன். வெட்டினேன். வயரைச் செருகியதும், கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர்கள் ஒன்றும் அறியாத பிள்ளைகள் போல வந்து நின்றன. பேப்பர்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு அடிக்க இரண்டு நிமிடம்.

நாற்காலியில் சரிந்து கிடந்த என்னிடம் தண்ணீரை நீட்டினார்.

"ரொம்ப பயந்துட்டியோ?"

"திருச்செந்தூருக்கு மொட்டை நேந்துட்டேன் அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னாலேயே அண்ணாச்சி வந்து நின்றார். மொட்டை போடும் இடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்கு இருந்ததே காதோரம் நாலு முடிதான். அதையும் எனக்காகக் கொடுத்துவிட்டு வந்தார்.