ஐயய்யோ மாமா பார்த்துக் கொடுத்த டாக்டர்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் அத்தனை குப்பங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டிய பயத்தை, கடவுள் சோம்பல்பட்டு ஒரே ஆளின் தலையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆள்தான் ஐயய்யோ மாமா. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. தவளை குதித்தால் ஐயய்யோ. பஸ் சடன் பிரேக் போட்டால் ஐயய்யோ. ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கிய சத்தத்துக்கு ஐயய்யோ என்று எழுந்தவர், பக்கத்து இலைக்காரரின் மடியில் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் டச்சுக் கல்லறை. அதன் வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறான் டச்சுக்காரன். மாமா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பஸ் பிடிக்க ஊரையே சுற்றிக்கொண்டு போவார். "அது என்னப் பாத்து சிரிக்குதும்மா" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு என்ன வேலை தெரியுமா? என் நைனாவின் படகில் எஞ்சின் பிடிப்பது! ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல்மேடு இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும், நாளைக்கு வேறிடத்தில் இருக்கும். அசந்தால் அலை படகைப் புரட்டிவிடும். மாமா அங்கே எஞ்சினைக் குறைத்துவிட்டு, அலையைப் பார்த்து ஐயய்யோ, ஐயய்யோ என்று உட்கார்ந்திருப்பார். அவர் வாய் ஓய்ந்த பிறகுதான் படகு நகரும். நைனாவோ புயல் கூண்டு ஏற்றினாலும் நிதானமாகப் பீடி பற்றவைக்கிற ரகம்.

நான் பத்தாவது படிக்கும்போது என் முதுகில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர்.

"நேரா நில்லு பாப்பா."

"நேராத்தாண்ணா நிக்கிறேன்."

"அப்ப என் டேப்பு கோணலா?"

டேப் கோணல் இல்லை. பொன்னேரியில் எடுத்த எக்ஸ்ரேயில் என் முதுகெலும்பு, கரையில் போட்ட விலாங்கு மாதிரி வளைந்து கிடந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இன்னும் வளையும், நாளடைவில் மூச்சை அடைக்கும் என்றார்கள். செய்யும்போது நரம்பில் பட்டுவிட்டால் கால் இரண்டும் விளங்காமல் போகலாம் என்று ஒரு நர்ஸ் அக்கா அம்மாவிடம் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கால் விரல்களை ஆட்டிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. அவ்வளவு பயம். யாரிடமும் சொல்லவில்லை.

"டாக்டர்னா டாக்டர்தான். இதுல இன்னா கத்திரிக்கா மாதிரி பொறுக்கிக்கினு?" என்றார் நைனா. ஆனால் யாரும் கூப்பிடாமலே மாமா எங்களோடு மெட்ராஸ் கிளம்பிவிட்டார். "நான் வெளிய ஒக்காந்து பயந்துக்கினு இருக்கேன். நீங்க உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தார்.

முதல் டாக்டரின் சுவர் முழுக்கக் கேடயங்கள். எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்தார், தேதி குறிக்க டைரியை எடுத்தார். மாமா கையைத் தூக்கினார்.

"கால் போயிடுமா சார்?"

"சேச்சே, நான் பண்ணினா ஒண்ணுமே ஆகாது. பயப்படாம போங்க."

"ஐயய்யோ!" என்று அலறி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நைனாவுக்கு மானம் போயிற்று. "இன்னாய்யா, நல்ல வார்த்தைதானே சொன்னாரு?"

"மொகத்துவாரத்துல ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னவன் படகு எங்க கெடக்குது மச்சான்? உனுக்குத் தெரியாது?"

அடுத்து, கத்தியே வேண்டாம், தலைகீழாகத் தொங்கவிட்டே நேராக்குகிறேன் என்ற ஒருவரிடம் போனோம். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் என்னை முந்திக்கொண்டு மாமா ஓடினார். நாங்கள் அவரைப் பஸ் ஸ்டாப்பில்தான் பிடித்தோம்.

மூன்றாவது, ஒரு டாக்டரம்மா. கேடயம் கீடயம் ஒன்றும் இல்லை. என்னைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், நடக்கச் சொன்னார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், மறுபடி குனியச் சொன்னார். மாமா அதே கேள்வியைக் கேட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அபூர்வமாத்தான். ஆனா ஆகலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கு."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயந்தா இன்னா பண்ணுவீங்க?"

"நரம்பு நல்லா இருக்கான்னு ஒரு மெஷின் சொல்லிக்கிட்டே இருக்கும். சரியில்லன்னா நிறுத்திடுவேன்."

"பாதியிலயா? திரும்பி வந்துடுவீங்களா?"

"வந்திருக்கேன். ஒரு பொண்ணுக்குப் பாதியிலயே விட்டுட்டேன். முதுகு முழுசா நேராகல. ஆனா நடக்குறா."

மாமா ஐயய்யோ சொல்லவில்லை. என் ஆயுளில் முதல் தடவை! எழுந்து கும்பிட்டு, "இவுங்கதான்" என்றார்.

வெளியே வந்ததும் நைனா வெடித்தார். "பயப்புட்ற டாக்டருகிட்டயா என் பொண்ணக் குடுக்கிறது?"

"நீ எஞ்சின யார் கையில மச்சான் குடுக்கிற?"

நைனா பீடியை எடுத்தார். பற்றவைக்கவில்லை. மறுபடி கட்டுக்குள்ளேயே செருகிவிட்டார். நைனா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் அன்று காலையில் மாமா வரவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்ளோ பேசிப்புட்டு, இன்னிக்கு ஆளக் காணோம் பாரு" என்று அம்மா பொருமினாள். அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கண் விழித்தபோது டாக்டரம்மாவின் முகம்தான் தெரிந்தது. "கால் விரலை ஆட்டு" என்றார். வலது ஆடியது. இடது ஆடவில்லை. நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன், அது ஆடவில்லை. டாக்டரம்மா என் கால்மாட்டில் குனிந்தார். "இன்னொரு தடவை கண்ணு" என்றார். மெதுவாகக் கட்டைவிரல் அசைந்தது. டாக்டரம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா அன்றைக்கு எங்கே போனார் என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு டீக்கடைக்காரர்தான் சொன்னார். காலையிலிருந்து மத்தியானம்வரை டச்சுக் கல்லறை வாசலில் நின்றிருக்கிறார். கையில் என் பழைய எக்ஸ்ரே. வேட்டி நடுங்குவது கடையிலிருந்தே தெரிந்ததாம். எலும்புக்கூட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாராம்:

"இன்னா மொறைக்கிற? உனுக்குப் பயப்பட ஆள் வேணும், அவ்ளோதான? நான் கீறேன். எவ்ளோ வேணுமோ பயப்புட்றேன். அந்தப் புள்ளகிட்ட மட்டும் போவாத!"

நைனா போனில் சேதி சொன்ன பிறகுதான் அங்கிருந்து நகர்ந்திருக்கிறார். அதுவும் ஓட்டமாக.

இப்போது என் முதுகில் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. தையல்காரர் மட்டும் இடது தோள் இன்னும் ஒரு நூல் இறக்கம் என்று சாதிக்கிறார். மாமா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் கல்லறைத் தெரு வழியாகத்தான் நடக்கிறேன். அந்த வாசல் வந்ததும் "ஐயய்யோ" என்று சத்தமாகவே சொல்வேன். பார்க்கிறவர்கள் நான் பயந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் அவரைக் கூப்பிடுகிறேன்.