கடைசி இரண்டு கெஜம்

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்த முரளிதரனின் முகம், மழையில் நனைந்த உளுந்து மூட்டை மாதிரி கனத்துக் கிடந்தது.

"தொண்ணூறு கெஜம்!" என்றார், யாரையும் பார்க்காமல். "தொண்ணூறு கெஜம் ஓடியிருக்கான் என் ஆளு. ஒவ்வொரு தடவையும் மேல நாலு தடியனுங்க விழுறானுங்க. எழுந்து எழுந்து ஓடியிருக்கான். கோட்டைத் தாண்ட ரெண்டே கெஜம் பாக்கி. அப்ப அவனை உக்காரச் சொல்லிட்டு இன்னொருத்தனை இறக்கியிருக்கானுங்க!"

காசாளர் பரீதா கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருக்குத் தம்பி அடி?"

"டெல்மாருக்கு."

"நம்ம கோடவுன்ல அப்படி யாரும் இல்லையே."

"அமெரிக்காவுல அக்கா."

"அப்ப சரி," என்று பரீதா கூட்டலைத் தொடர்ந்தாள்.

பர்மாவில் பபேடான் பேட்டையில், மூன்றாவது மாடியில் இருந்த அந்தப் பருப்பு ஏற்றுமதி ஆபீசுக்கு இந்த வியாதியைக் கொண்டுவந்தவன் முதலாளி முஜிபுர் ரஹ்மானின் மகன் பைசல். டெக்சாசில் படித்துவிட்டுத் திரும்பியவன், பட்டத்தோடு அமெரிக்கக் கால்பந்தையும் கொண்டு வந்தான். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் ஃபேன்டசி என்று ஒன்று. ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே ஓடினால் இவர்களுக்கு இங்கே புள்ளி. பத்து கெஜம் ஓடினால் ஒரு புள்ளி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஒரேயடியாக ஆறு.

முதலாளி மகன் விளையாடலாம் என்றால் விளையாட வேண்டியதுதான். ஆபீசில் எல்லோரும் சேர்ந்தார்கள். வாயில் நுழைகிற பெயராகப் பார்த்து ஆள் எடுத்த பரீதா கடைசி இடத்தில் இருந்தாள். முரளிதரன் முதல் இடத்தில் இருந்தார். எதிலும் அவர் முதல் இடத்தில்தான் இருப்பார். அது அவருக்கே தெரியும்.

அதற்குக் காரணமும் உண்டு. சென்னை வியாபாரிகளோடு போனில் பேரம் பேசுவது பல வருடமாக அவர் வேலை. எந்த வியாபாரிக்கு எந்த நேரத்தில் காபி வரும், காபிக்கு முன்னால் விலை பேசலாமா கூடாதா, எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எல்லாம் அத்துப்படி. ஆனால் சென்னையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஊர் அவருக்குக் காது வழியாக மட்டுமே பழக்கம்.

இப்போது முதலாளி சென்னையில் ஒரு கிளை திறக்கப் போகிறார். யார் போவது என்று அவர் சொல்லவில்லை. முரளிதரன் கேட்கவும் இல்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது கேட்பார்களா? அவர் மனைவி சாந்தகுமாரி எந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது, எதைத் தங்கைக்குக் கொடுப்பது என்று பிரித்தே வைத்துவிட்டாள்.

"முடிஞ்சுது!" என்று உள்ளறையிலிருந்து முதலாளி வெளியே வந்தார். "பழனியப்பன் உளுந்துக்குச் சரின்னுட்டார். ரேவதி முடிச்சிருச்சு!"

முரளிதரன் திரும்பினார். சென்னை வியாபாரி பழனியப்பனோடு போன வாரம் முழுக்கத் தொண்டை கட்டப் பேசியவர் அவர். இன்று மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி வந்துகொண்டிருந்தபோது பழனியப்பனின் அழைப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ரேவதி எடுத்திருக்கிறாள்.

"நான் ஒண்ணும் செய்யல சயா," என்றாள் அந்தப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் எல்லாம் பர்மியம் என்று வளர்ந்தவள். மேலதிகாரியை 'சயா' என்றுதான் கூப்பிடுவாள். "அவர் 'அனுப்பு' சொல்லிச்சு. நான் 'சரி' சொல்லிச்சு."

"கெட்டிக்காரப் பொண்ணு!" என்று முதலாளி அவளுக்கு மட்டும் ஒரு தேநீர் கூடுதலாக வரவழைத்தார்.

முரளிதரனுக்குக் கண் திறந்தது அப்போதுதான். தொண்ணூறு கெஜம் யார்? கடைசி இரண்டு கெஜம் யார்? இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பெண்ணைக் கூட்டி வந்து முதலாளி என்ன சொன்னார்? 'முரளி, உனக்குத் துணைக்கு. ஒண்ணுவிடாமக் கத்துக்குடு.' துணையாம்!

மத்தியானம் பைசலைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, டெல்மார் விஷயம். ஒரு ரிசர்வ் ஆளைக் கொண்டாந்தா முதல் ஆளுக்கு என்ன ஆகும்?"

"மதிப்பு விழும் அண்ணே. வேலை ரெண்டாப் பிரியும். அதுவும் கோட்டுக்குப் பக்கத்துல பந்தை அவன்கிட்டக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா முதல் ஆளு அவ்வளவுதான்."

"அதைத் தடுக்க?"

"அவன் கைக்குப் பந்தே போகக்கூடாது."

மறுநாளே ரேவதி போட்டாதாங் கோடவுனுக்கு மாற்றப்பட்டாள். "அடிப்படையிலிருந்து கத்துக்கணும்மா. மூட்டையைப் பாரு, பருப்பைப் பாரு. போன் எல்லாம் அப்புறம்," என்று முரளிதரன் பெருந்தன்மையோடு சொன்னார்.

அவள் அங்கே பருப்பு புடைக்கிற பெண்களோடு உட்கார்ந்து பர்மியத்தில் ஊர்க்கதை பேசினாள். பேச்சுவாக்கில் ஒருத்தி, ஆற்றுப் பக்கத்துச் சுவர் ஓரம் இரவில் ஈரம் கசிகிறது என்றாள். மேஸ்திரி குழந்தைவேலுவுக்கே தெரியாத சேதி. ரேவதி அந்த மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இடம் மாற்றச் சொல்லிவிட்டாள்.

"அப்படியே கப்பல்ல ஏத்தியிருந்தா சென்னையில என் மானம் போயிருக்கும்," என்று முதலாளி ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். "அங்க அனுப்பினது யாரு? முரளியா? நல்ல யோசனைப்பா."

முரளிதரன் பாராட்டை வாங்கிக்கொண்டு நேரே பைசலிடம் போனார்.

"பைசல், பந்து போகாமத் தடுத்தும் அவன் ஓடுறான். வேற வழி?"

"டெல்மாரா அண்ணே?"

"டெல்மார்தான்!"

"அந்த ரிசர்வ் ஆளையும் நீங்களே வாங்கிப் போட்டுக்கணும். கோல்பின்னு பேரு. ரெண்டு பேருமே உங்க டீம்ல இருந்தா யாரு கோட்டைத் தாண்டினாலும் புள்ளி உங்களுக்குத்தான். ஆனா கோல்பி இப்ப என்கிட்ட இருக்கான். சும்மா தர முடியுமா?"

தன்னிடமிருந்த மிகச் சிறந்த பந்துபிடிப்பாளனைக் கொடுத்துக் கோல்பியை வாங்கினார் முரளிதரன். அந்த வாரம் டெல்மாரும் ஓடவில்லை, கோல்பியும் ஓடவில்லை. மழையில் ஆட்டமே மந்தம். பைசலுக்குப் போன பந்துபிடிப்பாளன் மூன்று தடவை கோட்டைத் தாண்டினான். முரளிதரன் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்.

அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தத்துவம் சரியானது, அமெரிக்காக்காரனுக்குத்தான் ஓடத் தெரியவில்லை. ரேவதியைக் கோடவுனிலிருந்து வரவழைத்துத் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"இன்னையிலிருந்து நீ என் உதவியாள். நீ என்ன செஞ்சாலும் 'முரளி சயா சொல்லி செஞ்சேன்'னு சொல்லணும். புரியுதா?"

"புரியுது சயா. சும்மா உக்கார்ந்தாலும் அப்படிச் சொல்லணுமா?"

"அதிகம் பேசாத."

பேச வேண்டி வந்தது. முரளிதரன் கழிவறைக்குப் போன நேரத்தில் பழனியப்பன் அழைத்தார். 'முரளி சயா சொல்லி நான் பேசுறேன்' என்று ஆரம்பித்து, அன்றைய சரக்கு நிலவரத்தைத் தன் தமிழில் ரேவதி ஒப்பித்தாள். சென்னையில் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மறுநாள் முரளிதரனிடம், "என்னங்க, எப்பப் பாத்தாலும் நீங்களே பேசுறீங்க? அந்தப் பாப்பாகிட்டக் குடுங்க. 'பருப்பு நல்லா இருக்கிச்சு, மழை கெட்டதா இருக்கிச்சு'ன்னு அது சொல்றது காதுக்கு இதமா இருக்கு. நேர்ல வந்தா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடணும்னு எங்க வீட்டம்மா சொல்றா," என்றார்.

இத்தனை வருடத்தில் முரளிதரனை அந்த வீட்டம்மா ஒரு வாய் தண்ணீருக்குக் கூடக் கூப்பிட்டதில்லை.

"அந்தப் பொண்ணு உங்க பேரைத்தான் சொல்லுதாமே. நல்ல பொண்ணுதானே?" என்றாள் சாந்தகுமாரி, வீட்டில்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நல்லவனாத்தான் இருப்பான். கோட்டுக்குப் பக்கத்துல வந்ததும் நம்மளை உக்கார வெச்சிடுவான்."

"யாரு?"

"கோல்பி."

சாந்தகுமாரி சாமி அறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

மூன்றாவது முறை பைசலிடம் போனபோது அவனுக்கே பரிதாபமாகிவிட்டது. "அண்ணே, இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணுதான். முதல் ஆளு ஒரு வாரம் ஆடாம உக்காரணும். அந்த வாரம் டீம் கந்தலாச்சுன்னா தெரிஞ்சுபோகும், ரிசர்வ் ஆளு வெறும் ரிசர்வ்தான்னு. முதல் ஆளு மதிப்பு பிச்சுக்கிட்டு ஏறும்."

முரளிதரன் அவன் தோளைத் தட்டினார். "படிச்சவன்னா படிச்சவன்தான்."

நாளை அவர் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். இரண்டு சென்னை வியாபாரிகள் விலை சொல்ல வேண்டிய நாள். கப்பல் காகிதங்கள் கையெழுத்தாக வேண்டிய நாளும் அதுவே. அன்று காலை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மொஹிங்கா, வாங்கி வரச் சொல்லி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

சில விஷயங்களை ரேவதிக்கு அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. சென்னை வியாபாரி ஒருவர் 'பார்க்கலாம்' என்றால், வேண்டாம் என்று அர்த்தம். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றால், முடிந்தது, மூட்டையைத் தை என்று அர்த்தம். கப்பல் கம்பெனியில் கோ தெய்ன் என்பவரிடம் முதலில் அவருடைய சண்டைச் சேவலின் உடல்நலம் விசாரிக்காமல் காகிதத்தை எடுக்கக் கூடாது.

சாயங்காலம் முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"முரளி, ஒரு நாள் தாங்கலப்பா! 'பார்க்கலாம்'னவருக்கு அந்தப் பொண்ணு சரக்கை ஒதுக்கிருச்சு. 'யோசிச்சுச் சொல்றேன்'னவரை விட்டுருச்சு. கோ தெய்ன் கோவிச்சுக்கிட்டுக் காகிதத்தைத் தொடவே மாட்டேங்கிறான்!"

முரளிதரன் முனகலோடு எழுந்து உட்கார்ந்தார். மூன்று அழைப்புகள். முதல் வியாபாரியிடம் குடும்ப விசாரிப்பு, இரண்டாமவரிடம் ஒரு மன்னிப்பு, கோ தெய்னிடம் சேவல். எல்லாம் நேரானது. சாந்தகுமாரி கொண்டு வந்த தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தியாப்பா?"

"சொல்லிக் குடுக்காம இருப்பேனா முதலாளி? நல்ல பொண்ணுதான். ஆனா இந்த நாற்காலிக்கு ஒரு சூட்சுமம் வேணும். அது அதுக்கு வராது. இன்னும் பத்து வருஷம் ஆனாலும் வராது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"எழுதியே தர்றேன்."

"ஒரு மாசம் ரெண்டு மாசம் கூட அதால தனியாச் சமாளிக்க முடியாது?"

"ஒரு நாளே பாத்தீங்களே!"

முதலாளி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். வாசலில் நின்று, "நீ இல்லாம அந்த ஆபீஸ் இல்ல முரளி," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு முரளிதரன் இடுப்பை வளைத்து ஓர் ஆட்டமே போட்டார். "அந்தப் பெரிய இட்லிப் பானையையும் எடுத்து வை," என்றார் மனைவியிடம். "அங்க விருந்தாளி வருவாங்க."

ஆபீசில் இந்துக்களுக்குத் தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி கையாலேயே இனிப்புப் பெட்டி கொடுப்பது வழக்கம். ஏதாவது நல்ல சேதி இருந்தால் அதையும் அன்றைக்குத்தான் சொல்வார். முரளிதரன் புதுச் சட்டை போட்டு, பட்டு லோஞ்சி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். இரண்டு வரி நன்றியுரை மனப்பாடமாக இருந்தது.

"சென்னை ஆபீசைத் திறக்கிறோம்," என்றார் முதலாளி. "யாரை அனுப்புறதுன்னு ரொம்ப யோசிச்சேன். பழனியப்பன் வீட்டுலயே தங்கச் சொல்லிட்டாங்க. நம்ம ரேவதி போகுது."

கைதட்டல் எழுந்தது. ரேவதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"பேச்சு அங்க போனாத் தானா வந்துரும். மத்ததை முரளி இங்கிருந்து பாத்துக்குவான். அவன் நாற்காலியில அவன் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன கவலை?" என்று முதலாளி அவருடைய கையில் மற்ற எல்லோருக்கும் கொடுத்ததைவிடப் பெரிய பெட்டியைத் திணித்துவிட்டுப் போனார்.

முரளிதரன் அந்தப் பெட்டியோடு பரீதாவின் மேசைக்கு முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்தார். பைசல் மெதுவாக நழுவிவிட்டான்.

"பாத்தீங்களா அக்கா? தொண்ணூறு கெஜம் நான் ஓடினேன். கடைசி ரெண்டு கெஜத்துக்கு அவளை இறக்கிட்டார். ரிசர்வ் ஆளை எடுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும், என் மதிப்பைக் குறைக்கத்தான்னு!"

பரீதா முதல்முறையாகக் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தம்பி பேசுறீங்க? நீங்க சென்னைக்குப் போயிட்டா இங்க உங்க நாற்காலியில உக்கார ஆள் வேணும்னுதானே முதலாளி அந்தப் பொண்ணையே வேலைக்கு எடுத்தார்!"